நடுக்கதிரையில் யார் இருக்கிறது?

பெண்களுக்கு ஒலிக்கருவிகளில் ஆர்வம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் அவரிடம் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டு ஹோலில் ஸ்பீக்கர்கள் எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன? திருகோணமலையில் நான் போய் வருகிற வீடுகளில் அவை பெரும்பாலும் வீட்டு ஆம்பிளை வந்து சாய்கிற கதிரையைப் பார்த்துத்தான் இருக்கும். பாட்டு குசினிக்கும் கேட்கும், கிணற்றடிக்கும் கேட்கும், அது வேறு கதை. ஆனால் கேட்பதற்கென்றே அமைந்த இடம் ஒன்று அந்த ஹோலில் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு பெண், மடியில் சுளகு இல்லாமல், பிள்ளையின் கொப்பியைத் திருத்தாமல், ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து பாட்டுக் கேட்டதை நான் வளர்ந்த காலத்தில் கண்டதே இல்லை. இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என் அம்மாவுடையது. வீட்டுக்குள் வந்த குரல் பெண்ணுடையது, அதைக் கூட்டுகிற குறைக்கிற குமிழ் மட்டும் அப்பாவின் கையில்.

ஸ்டீரியோ என்பதே எங்கே இருந்து கேட்கிறோம் என்பதோடு பிணைந்த விஷயம். 1931இல் இங்கிலாந்தில் அலன் புளூம்லைன் என்ற பொறியியலாளர் இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை. இரண்டு ஸ்பீக்கர், கேட்பவர் ஒருவர், மூன்றுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரே தூரம். ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஆறடி இருந்தால் கதிரையும் இரண்டிலிருந்தும் ஆறடி தள்ளி இருக்க வேண்டும். அப்படி வடிவாக அமைந்துவிட்டால் பாடுகிறவரின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெறும் சுவரிலிருந்து வரும், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம், தம்புரா கொஞ்சம் பின்னால். கதிரையை இரண்டடி நகர்த்துங்கள், எல்லாம் பக்கத்துப் பெட்டிக்குள் போய் ஒடுங்கிவிடும். குசினி வாசலில் நிற்கிறவளுக்கு இதில் எதுவுமே போய்ச் சேருவதில்லை. அவளிடம் இந்த அம்பிளிஃபயருக்கும் பழையதற்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டால், "எல்லாம் ஒண்டுதான்" என்பாள். அவள் நிற்கிற இடத்தில் அது முழு உண்மை. அதை வைத்துக்கொண்டு பெண்களுக்கு இதில் நாட்டமில்லை என்று முடிவு கட்டுவது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற காரியம். காது என்று பார்த்தாலும், வயது போகப் போக உச்ச சத்தங்களைக் கேட்கும் திறன் சராசரியாக ஆண்களுக்குத்தான் முதலில் குறையத் தொடங்குகிறது.

எங்களூர் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வருகிற அறிவுரைகள் கம்பளம் விரித்த, கண்ணாடி யன்னல் சாத்திய அறைகளுக்கானவை. இங்கே சீமெந்துச் சுவர், ரைல்ஸ் தரை, கிறில் போட்ட யன்னல்கள், அவையும் எந்நேரமும் திறந்தபடி. ஹோலின் நடுவில் நின்று ஒருதரம் கைதட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் இரண்டு சுவருக்கும் நடுவில் மாறி மாறி ஓடி, சிலிர் என்று ஒரு வால் விட்டுத்தான் அடங்கும். அந்த வால்தான் பாட்டில் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் 1895இல் இதே தொல்லையோடுதான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு 5 விநாடிக்கு மேல் எதிரொலித்து ஒன்றுமே விளங்காமல் போக, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி, ஊர் அடங்கிய பிறகு இரவிரவாகக் காதாலே அளந்தார். ஒலியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதற்கு அவர் வைத்த அளவு என்ன தெரியுமா? திறந்த யன்னல். வெளியே போன சத்தம் திரும்பி வராது, ஆகவே திறந்த யன்னல்தான் நிறைவான உறிஞ்சி. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றை எங்கள் வீடுகள் வெயிலுக்காக ஏற்கெனவே வைத்திருக்கின்றன.

அடித்தொனி வேறு கணக்கு. எங்கள் வெக்கையில் ஒலி விநாடிக்கு 350 மீற்றர் அளவில் ஓடுகிறது. 5 மீற்றர் நீளமான ஹோலில் 35 ஹேர்ட்ஸிலும், 70இலும், 105இலும் அறையே சேர்ந்து முனகும். சுவரோடு ஒட்டிய இடத்தில் அது ஆகக் கூட. நாங்களோ வழமையாக ஸ்பீக்கரையும் சுவரோடு வைக்கிறோம், கதிரையையும் எதிர்ச் சுவரோடு வைக்கிறோம். ஒரு நாள் பின்னேரம் என் வீட்டில் பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னுக்கு இழுத்து, கதிரையையும் பின்சுவரிலிருந்து விலக்கிப் போட்டுவிட்டு, பலமுறை கேட்ட ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். அதுவரை மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் வெறும் "தொம்" என்று ஊதிப்போய்க் கேட்டது. இப்போது வாசிக்கிறவர் உள்ளங்கையை அழுத்தி இழுக்கிறபோது நாதம் மேலே வளைந்து ஏறுவது தனியாகக் கேட்டது. ஒரு சதம் செலவில்லை. இந்த மாதிரி ஒரு மாற்றத்தை ஒருதரம் தன் காதால் கேட்டவர், ஆணோ பெண்ணோ, பிறகு விடமாட்டார்.

கடைக்குப் போவது அடுத்த பாடு. ஒரு கடையில் நான் அம்பிளிஃபயரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் கேட்டபோது அங்கே நின்றவர், "வீட்டில அண்ணா ஆரும் வரேல்லையா பிள்ளை?" என்றார். அன்பாகத்தான் கேட்டார், அதுதான் பதில் சொல்ல இன்னும் கஷ்டமாக இருந்தது. பின்பக்கம் பார்க்கிறதற்குக் காரணம் உண்டு. முன்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 2000 வாட்ஸ், 5000 வாட்ஸ் என்று என்னவும் போடலாம். பின்னால் மின்சாரம் எவ்வளவு எடுக்கும் என்று எழுதியிருக்கும் இடத்தில் 60 வாட்ஸ் என்று இருந்தால், சுவரிலிருந்து எடுப்பதைவிடக் கூடுதலாக அது எங்கிருந்து தொடர்ந்து கொடுக்கப் போகிறது? உண்மையில் சாதாரண ஹோலுக்கு 20, 30 வாட்ஸே தாராளம். ஸ்பீக்கர் எவ்வளவு இலகுவாகச் சத்தம் தருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் அம்பிளிஃபயரின் வலு இரண்டு மடங்காக வேண்டும், 6 டெசிபலுக்கு நாலு மடங்கு. ஒரு வாட்ஸுக்கு 90 டெசிபல் தருகிற ஸ்பீக்கருக்கு 25 வாட்ஸ் செய்கிற வேலையை 84 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்ஸ் வாங்கித்தான் செய்யும். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பெண்ணிடம் யாரும் ஸ்டிக்கரைக் காட்டி விற்க முடியாது.

இன்னொன்று, எங்கள் நாட்டில் பழைய ஜப்பான் செட்டுகள் நிறையக் கிடைக்கின்றன, நல்ல சாமான்கள், ஆனால் அவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை. எங்கள் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும். இறக்கித் தருகிற ட்ரான்ஸ்ஃபோமர் கட்டாயம். இதை அநேகமாக எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுகிற இன்னொரு சங்கதி இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தது என் சிநேகிதி, வயலின் படிப்பிக்கிற ரீச்சர்.

அவ ஒரு பழைய பெல்ற் ரேன்ரேபிள் வாங்கினா. ட்ரான்ஸ்ஃபோமரும் சேர்த்துத்தான் வாங்கினா. இசைத்தட்டைப் போட்டதும் பாடகியின் குரல் கனத்து, நடை தளர்ந்து வந்தது. விற்றவருக்குப் போன் எடுத்தால், பழைய ரெக்கோட் அப்பிடித்தான் கேக்கும் என்று பதில். ரீச்சர் வயலினை எடுத்து ஸ்ருதி பார்த்தா. அந்தப் பாடகி ஐந்து கட்டையில் பாடுகிறவர், தட்டில் கேட்டது மூன்று கட்டை. எனக்குப் போன் பண்ணிச் சொன்னபோது நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து கட்டைக்கும் மூன்றுக்கும் நடுவில் மூன்று அரைஸ்வரம், அதாவது வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. ஜப்பானில் தோக்கியோப் பக்கம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒசாக்காப் பக்கம் 60 ஹேர்ட்ஸ். அந்த மோட்டர் சுற்றுகிற வேகம் வோல்ட்டில் தங்கியதல்ல, இந்த ஹேர்ட்ஸில் தங்கியது. 60க்குச் செய்த கப்பியை (மோட்டரில் பூட்டியிருக்கிற, பெல்ற்றை இழுக்கிற சின்னச் சில்லு) எங்கள் 50இல் ஓடவிட்டால் நிமிசத்துக்கு 33⅓ தரம் சுற்ற வேண்டிய தட்டு 28க்கும் குறைவாகத்தான் சுற்றும். ட்ரான்ஸ்ஃபோமரால் இதை மாற்ற முடியாது.

கப்பியைக் கழற்றி, வேர்னியரால் விட்டம் அளந்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டி (10 மில்லிமீற்றர் இருந்தால் 12), ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து தரச் சொன்னோம். பட்டறை அண்ணா படகு எஞ்சின் வேலை செய்கிறவர். இவ்வளவு சின்ன சாமானுக்கு இவ்வளவு நுணுக்கமா என்று கேட்டவர், விசயத்தைச் சொன்னதும் அவரே ஆவலாகிவிட்டார், கடைந்து அளந்து மறுபடி ஒரு மயிரிழை சீவித் தந்தார். அன்று இரவு ரீச்சர் வீட்டில் அதே தட்டு ஐந்து கட்டையில் பாடியது. கருவியைத் திறந்து பார்க்காமலே நோயைக் கண்டது அவவுடைய காது. பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்துப் பழகிய காது. அந்தக் காதுதான் இந்தத் துறைக்கு வேண்டிய முதல் கருவி, எங்களூரில் அது கனக்கப் பெண்களிடம் சங்கீத வகுப்புகளின் புண்ணியத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

தையல் கடை வைத்திருக்கிற அக்கா ஒருவரும் எங்களோடு சேர்ந்திருக்கிறா. அவ வந்த வழி வேறு. பழைய ஸ்பீக்கர்களில் கோனை, அதாவது அதிர்ந்து சத்தம் தருகிற கூம்பை, சுற்றி ஓரத்தில் ஃபோம் வளையம் இருக்கும். எங்களூர் ஈரக்காற்றில் அது வருசம் போகப் போகப் பிசுபிசுத்து, தொட்டால் உதிர்கிற நிலைக்கு வந்துவிடும். றப்பர் வளையம் தப்பிவிடும், ஃபோம் தப்பாது. என் பெட்டிகள் அப்படிப் போனபோது புது வளையம் எடுப்பித்து அக்காவிடம் கொண்டுபோனேன். பழைய பசையைப் பிளேட்டால் சுரண்டி, கோனின் விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய தூரிகையால் பசையை ஒரே அளவாகப் பூசி வளையத்தை இருத்தினா. முக்கியமான கட்டம் அதற்குப் பிறகுதான். பசை இறுக முன்னம் விரல் நுனிகளைக் கோனின் நடுவைச் சுற்றி வைத்து, மெல்ல அமுக்கி, மெல்ல விட்டு, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். உள்ளே செப்புக்கம்பிச் சுருள் காந்த இடுக்கில் உரசினால் பேப்பர் கிழிக்கிற மாதிரி ஒரு சின்ன ஒலி வரும். வந்தால் கோனை ஒரு பக்கம் துளி நகர்த்தி மறுபடி. அக்கா கடை ஃபானை நிப்பாட்டிவிட்டு, தெருப்பக்கக் கதவையும் சாத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு அதைச் செய்தா. பிறகு பெட்டியில் பூட்டிப் பாட்டுப் போட்டபோது, "இந்த ரெண்டையும் நானே வச்சிருக்கட்டா?" என்று கேட்டா. பகிடிக்குக் கேட்கவில்லை. இப்போது அவவிடம் சொந்தமாக ஒரு சோடி இருக்கிறது, கடைக்குள், வெட்டுமேசைக்கு எதிரே, வேலை முடிந்த பிறகு கேட்பதற்கு.

உப்புக்காற்றும் சும்மா இருக்காது. கடற்கரையை அண்டிய வீடுகளில் பின்பக்கச் சொக்கெட்டுகள் பச்சை பிடிக்கும், குமிழைத் திருப்பினால் கரகர என்னும். கொன்ராக்ற் கிளீனர் அடித்துக் குமிழை இந்த அந்தம் தொட்டு அந்த அந்தம் வரைக்கும் நன்றாகத் திருப்பிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெட்டியைத் திறக்கிறவர்கள் வயரைக் கழற்றிவிட்டுப் பொறுத்திருங்கள், பெரிய கப்பாசிற்றர்கள் கரண்ட் இல்லாமலும் கொஞ்ச நேரம் அடிக்கக் கூடியவை. மாரி மழையில் இசைத்தட்டு உறைகளில் பூஞ்சணம், கச்சான் காற்றுக் காலத்தில் தூசி. இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு வேண்டும்.

பெண்கள் இந்தத் துறைக்கு வெளியே நின்றவர்கள் என்பது சரித்திரமாகவும் பிழை. உலகமெங்கும் ஹைஃபைப் பிரியர்கள் தேடித் தேடி வாங்குகிற மேர்க்குரி லிவிங் பிரெசன்ஸ் இசைத்தட்டுகளைத் தயாரித்தவர் வில்மா கோசார்ட் ஃபைன் என்ற பெண். 1951இல் சிக்காகோவில் ஓர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்த பதிவில் தொடங்கிய வரிசை அது, பின்னாளில் ஸ்டீரியோவுக்கு மூன்று மைக். மூன்று தடப் பதிவை இரண்டாக்குகிற மேசையில் அவரே இருந்தார், 1990களில் அவை குறுந்தட்டாக மறுபடி வந்தபோதும் அவரே வந்து இருந்தார். ஸ்பீக்கரைச் சோதிக்க அந்தத் தட்டுகளைப் போடுகிற ஆண்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? சூசன் ரோஜர்ஸ் தானாகவே மின்னணுவியல் படித்து, ஸ்ரூடியோ மெஷின்களைத் திருத்துகிற வேலையில் தொடங்கி, 1983இல் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸிடம் டெக்னீஷியனாகப் போய் அவருடைய ஒலிப்பதிவுப் பொறியியலாளராக ஆனார், அதற்குப் பிறகு போய் ஒலியுணர்வு பற்றிப் படித்துக் கலாநிதிப் பட்டமும் எடுத்தார். 2014இல் பனசோனிக் நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற தன் ஒலிக்கருவிப் பெயரை மறுபடி எழுப்பியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் மிச்சிகோ ஒகாவா, ஜாஸ் பியானோ வாசிக்கிறவர். 2010இல் நிறுத்தியிருந்த எஸ்எல்-1200 ரேன்ரேபிள் அவருடைய காலத்தில்தான் 2016இல் திரும்பி வந்தது.

சூசன் ரோஜர்ஸ் பிரின்ஸிடம் போன அதே வருசத்தில், 1983இல், அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் சஞ்சிகை ஒரு கருவிக்கு வீட்டு மனைவி சம்மதிப்பாளா என்பதையே ஓர் அளவுகோலாக எழுதத் தொடங்கியது, அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை. வாசகர் எப்போதும் கணவர், மனைவி தாண்ட வேண்டிய தடை. அவளும் ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கலாம், அதைக் கணவர் ஹோலில் வைக்க விடுவாரா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிற பிள்ளைகளோடு கதைக்கும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது. அவர்களில் சிலர் சில ஆயிரம் ரூபாய்க்குச் சீனாவிலிருந்து வருகிற நல்ல இயர்போன்களை ஒப்பிட்டு ஒப்பிட்டு வாங்குகிறார்கள், ஃபோனில் செருகுகிற குட்டி டக் (DAC, டிஜிட்டல் பதிவைக் கேட்கிற ஒலியாக மாற்றுகிற கருவி) பற்றி என்னைவிட நன்றாக விளக்குகிறார்கள். காரணம் எனக்கு விளங்குகிறது. இயர்போனுக்கு ஹோல் வேண்டாம், யாருடைய கதிரையும் வேண்டாம், பஸ்ஸிலும் ஹொஸ்டல் கட்டிலிலும் நடு இடம் அவர்களுடையதே. இலகுவான கதவு அது. ஆனாலும் அவர்கள் வீடு கட்டி, சம்பளம் எடுத்து, ஹோலில் என்ன எங்கே வைப்பது என்று பேச்சு வருகிற நாளில் இந்த ஆர்வத்தை உள்ளே மடித்து வைத்துவிடக் கூடாது என்பது என் பெரிய கவலை. எங்களில் நிறையப் பேருக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் நின்றுபோனது. பாட்டு, படிப்பு, வயலின் எல்லாம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போனபோது, 12 வோல்ட் பற்றரியில் ஓடுகிற ஒரு சின்ன அம்பிளிஃபயரை வைத்து அக்காவின் கடையில் பாட்டுக் கேட்டோம். சாமான் விலை, காஸ் வரிசை என்று மனம் நொந்துபோயிருந்த காலம். ஆனால் ஃபான் இல்லை, பிரிட்ஜ் இல்லை, பக்கத்து வீட்டு ரிவி இல்லை. வழமையாக அந்த இரைச்சலுக்குள் மூழ்கிப்போகிற தம்புராவின் கடைசி இழை வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து, கருவியை மாற்ற முதல் ஃபானை நிப்பாட்டிக் கேட்டுப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். வெக்கையில் ஒரு பாட்டு நேரம் தாங்கலாம்.

இப்போது கிழமைக்கொருக்கா ரீச்சர் வீட்டில் கூடுகிறோம். வருகிறவர் தனக்கு நன்கு பழக்கமான ஒரு பாட்டைக் கொண்டுவர வேண்டும், அந்தப் பாட்டு ஓடும் வரைக்கும் நடு இடம் அவருக்கு, மற்றவர்கள் கதைக்கக் கூடாது, தேத்தண்ணி பிறகுதான். ரீச்சரின் மாமியும் ஒரு நாள் தன் பாட்டோடு வந்து இருந்தா, முடிந்ததும் இன்னொருக்காப் போடச் சொன்னா. திருமலையில் இருக்கிற பெண்கள், மூதூர், நிலாவெளிப் பக்கமிருந்தும், விருப்பமென்றால் எனக்கு எழுதுங்கள்.

அடுத்த வேலை நாங்களே பெட்டி செய்வது. அடைத்த பெட்டியா துவாரம் விட்ட பெட்டியா என்று நிறைய வாக்குவாதம் நடந்து, சின்ன ஹோல்களில் சுவருக்குக் கிட்டத்தான் வைக்கப்போகிறோம், துவாரம் செய்கிற வேலையைப் போலச் சுவரே அடித்தொனியைக் கூட்டித் தரும் என்பதால் அடைத்ததே போதும் என்று முடிவெடுத்தோம். சிப்போர்ட் ஈரத்தில் ஊதிவிடும், ஆகவே 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட். ஓடாவியார் பின்பலகையை ஒட்டிவிடவா என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்றுவிட்டா. உள்ளே வைக்கிற பஞ்சைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டுமாம், சுற்றிவர ஸ்குரூதான், இடையில் காற்றுப் போகாமல் றப்பர் பட்டி. பட்டியை வெட்டி ஒட்டுவது தன்னுடைய வேலை என்றும் சொல்லிவிட்டா.